பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? எந்தக் குறும்பு உங்களுக்கு ஒத்துவரும்?

சாவியைத் திருப்பியதும் இன்ஜின் கிளம்பாது. முதலில் பின்னாலிருந்து ஒரு சத்தம் வரும். டிக் டிக் டிக் டிக் என்று வேகமாக, யாரோ நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல. பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், காருக்கு அடியில் இருக்கும் மின்சாரப் பெட்ரோல் பம்ப் அது. முன்னால் கார்புரேட்டரின் கிண்ணங்கள் நிறைய நிறையத் தட்டல் மெதுவாகும். கடைசியாக ஒரு டிக், அதோடு மௌனம். அப்புறம்தான் சோக் குமிழை முழுக்க இழுத்து ஸ்டார்ட்டரைப் போட வேண்டும். இன்ஜின் பிடித்ததும் சோக்கைப் பாதி உள்ளே தள்ள வேண்டும். இரண்டு மூன்று நிமிடம் ஓடியபின், சத்தம் சீரானதும், மீதியையும் தள்ளிவிடலாம். சீக்கிரம் தள்ளினால் அணைந்துவிடும். தாமதித்தால் பெட்ரோல் வாடை தூக்கும்.

என்னுடைய 1969ஆம் ஆண்டு எம்ஜிபியில் ஒவ்வொரு முறையும் நான் செய்வது இது. நண்பர் ஒருவர் அண்மையில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துவிட்டு, "எனக்கும் ஒன்று வாங்க வேண்டும், எதை வாங்கலாம்?" என்று கேட்டார். அவர் மனதில் மூன்று கார்கள்: எம்ஜிபி, ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர், காற்றால் குளிரும் இன்ஜின் கொண்ட பழைய போர்ஷே 911. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

வேகத்தை வைத்து இந்தக் கார்களை ஒப்பிடுவதில் பயனில்லை. எம்ஜிபியின் 1798 சிசி இன்ஜின் அதன் நல்ல காலத்திலேயே 95 குதிரைத்திறன்தான் தந்தது. இன்றைய சாதாரணக் குடும்பக் கார் பல அதைத் தாண்டிப் போய்விடும். பிரேக், விளக்கு, மழை ஒழுகாத கதவு என்று எதை எடுத்தாலும் புதிய கார்தான் மேல். அப்படியானால் பழைய காரில் நாம் பணம் கொடுத்து வாங்குவது என்ன? என்னைக் கேட்டால், அதன் குறும்புகளைத்தான். அதனால் ஒப்பிட வேண்டியதும் அவற்றைத்தான்.

ஆனால் குறும்பு வேறு, கோளாறு வேறு. நீங்கள் உங்கள் பங்கைச் சரியாகச் செய்தால் கார் தன் பங்கைச் செய்யும் என்றால், அது குறும்பு. சோக் அப்படிப்பட்டது. நீங்கள் என்ன செய்தாலும் கார் ஒரு நாள் கைவிடும் என்றால், அது கோளாறு. விற்பவர்கள் இரண்டையும் ஒரே சிரிப்போடு "பழைய கார் என்றால் அப்படித்தான் சார்" என்பார்கள். வாங்குகிறவர் பிரித்துப் பார்க்க வேண்டும்.

எம்ஜிபி: கை கேட்கும் கார்

1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் அபிங்டனில் இந்தக் காரைச் செய்தார்கள். கூரையுள்ள ஜிடி வகையையும் சேர்த்தால் 5 லட்சத்துக்கும் மேல். அதனால் பாகங்களுக்குப் பஞ்சமில்லை. 1988இலிருந்து முழு உடற்கூட்டையே புதிதாக அடித்துத் தருகிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதன் குறும்புகள் எல்லாமே கையால் தீர்பவை. இரண்டு எஸ்யூ கார்புரேட்டர்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு மணி போன்ற மூடி. அதற்குள் ஒரு பிஸ்டன், காற்றின் இழுப்புக்கு ஏற்ப மேலே ஏறும், கீழே இறங்கும். அது திடீரென்று எகிறாமல் இருக்க நடுத்தண்டில் கொஞ்சம் எண்ணெய் நிற்கிறது. மேலே இருக்கும் சின்னத் திருகு மூடியைக் கழற்றித் தூக்கினால் அதோடு ஒரு மெல்லிய கம்பியும் வரும். திரும்ப இறக்கும்போது எண்ணெயின் தடுப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். தடுப்பு தெரியாவிட்டால் எண்ணெய் குறைந்துவிட்டது. குறைந்தால் என்ன ஆகும்? ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கார் ஒரு கணம் தயங்கும், அவ்வளவுதான். சில சொட்டு எண்ணெய் விட்டால் தயக்கம் போய்விடும். ஒரு காரின் நோயை விரல் நுனியால் கண்டுபிடித்து, ஒரு நிமிடத்தில் குணப்படுத்திவிட முடியும் என்பது எனக்கு இன்றும் சந்தோஷம் தருகிற விஷயம்.

அடுத்தது ஓவர்டிரைவ். நான்கு கியர்தான். ஆனால் கியர்பாக்ஸின் பின்னால் ஒரு தனி அலகு உண்டு. சுவிட்சைத் தட்டினால், கிளட்சை மிதிக்காமலே, இன்ஜின் சுற்று சுமார் 18 சதவீதம் இறங்கும். மூன்றாவதிலும் நான்காவதிலும் இது வேலை செய்யும் (1977க்குப் பின் வந்த கார்களில் நான்காவதில் மட்டும்). நெடுஞ்சாலையில் இரைந்துகொண்டிருந்த கார் சுவிட்சைத் தட்டியதும் தோளைத் தளர்த்திக்கொள்வதுபோல அடங்கும். ஐந்து கியர் பெட்டி எல்லாக் கார்களிலும் வந்தபிறகு இதற்குத் தேவை இல்லாமல் போனது. ஆனாலும், வாங்கினால் ஓவர்டிரைவ் உள்ளதையே வாங்குங்கள். அது இல்லாத எம்ஜிபியில் நீண்ட பயணம் காதுக்குத் தண்டனை.

ஸ்போக் சக்கரங்கள் பற்றியும் சொல்ல வேண்டும். நடுவில் இரண்டு இறக்கை உள்ள ஒரே நட்டு, அதைச் செம்புச் சுத்தியலால் அடித்துத்தான் கழற்ற வேண்டும். காரின் இடப்பக்கத்து நட்டுக்கும் வலப்பக்கத்து நட்டுக்கும் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும். சக்கரம் உருளும்போது நட்டு தளராமல் இறுகிக்கொண்டே இருக்கும்படி அமைத்த ஏற்பாடு இது. பந்தயத்தில் நொடியில் சக்கரம் மாற்றப் பிறந்த யோசனை. நடந்துபோகிறவர்களை அந்த இறக்கைகள் கிழித்துவிடும் என்பதால் 1968இலிருந்து அமெரிக்கா அவற்றைத் தடை செய்தது. அப்போதுதான் எட்டுப்பட்டை நட்டு வந்தது. பார்க்க இவ்வளவு அழகான சக்கரம் வேறில்லை. ஆனால் ஸ்போக்குகள் விளிம்பைத் துளைத்து நிற்பதால் டயருக்குள் டியூப் போட வேண்டும். துடைப்பதற்கு ஒரு காலைப்பொழுது வேண்டும். உள்ளே உள்ள பல்வரிசை தேய்ந்தால் கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் 'டக்' என்று கேட்கும். அந்த 'டக்'கைக் குறும்பு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல் தேய்ந்து வழுக்கினால் சக்கரம் சுற்றும் சக்தியைப் பெறாது, முன்சக்கரமானால் பிரேக்கே பிடிக்காது.

முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்குப் பக்கத்துக்கு மூன்று கிரீஸ் நிப்பிள். சுமார் 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் துப்பாக்கியோடு தரையில் படுக்க வேண்டும். சீட்டுக்குப் பின்னால் தரைக்கடியில், இருபுறமும் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைந்திருக்கும். 1974 வரை இதே கதைதான். கண்ணில் படாத இடம் என்பதால் மறந்துபோவோம். மறந்தால் அந்தப் பெட்டியே துருப்பிடிக்கும். 1967 முடிவு வரை வந்த கார்களில் ஆல்டர்நேட்டருக்குப் பதில் டைனமோ, பேட்டரியின் பாசிட்டிவ் முனை உடற்கூட்டோடு இணைப்பு, முதல் கியருக்கு சின்க்ரோமெஷ் (பற்கள் உரசாமல் கியர் விழ உதவும் அமைப்பு) கிடையாது. கார் முழுக்க நின்றபின்தான் முதல் கியர். இல்லையென்றால் பழைய லாரி ஓட்டுநர்களைப்போல டபுள் கிளட்ச் (நியூட்ரலில் கிளட்சை விட்டு, ஆக்ஸிலரேட்டரைத் தட்டி, மறுபடி கிளட்சை மிதித்துக் கியர் போடுவது) அடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். டபுள் கிளட்ச் ஒரு அருமையான வித்தை. கற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நெரிசலில் ஊர்ந்து போகும்போது அந்த வித்தை சலித்துவிடும்.

லூகாஸ் நிறுவனத்தின் மின் பாகங்களுக்கு 'இருளின் இளவரசன்' என்று ஒரு பட்டப்பெயர் உலகம் முழுக்க ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தப் பெயர் முழுக்க நியாயமானது என்று எனக்குத் தோன்றவில்லை. ஐம்பது வருடம் ஈரம் பட்ட எந்தக் கம்பி இணைப்பும் துருப்பிடிக்கத்தான் செய்யும். மங்கலான ஹெட்லைட், நடுங்கும் பெட்ரோல் முள், விட்டுவிட்டு வேலை செய்யும் இண்டிகேட்டர் என்று எது வந்தாலும், முதலில் எர்த் இணைப்பைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்து மாட்டிப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே தீரும்.

ஆல்ஃபா ஸ்பைடர்: கேட்காமலே தந்துவிட்டு, பிறகு வாங்கிக்கொள்ளும் கார்

1966இல் ஜெனீவாவில் அறிமுகமாகி 1993 வரை வந்தது. எம்ஜிபிக்கு நான்கு கியர் இருந்த காலத்தில் இதற்கு ஐந்து. எம்ஜிபியின் பின் பிரேக் டிரம், இதில் நான்கும் டிஸ்க். இன்ஜினின் தலையில் இரட்டை கேம்ஷாஃப்ட், பிளாக்கே அலுமினியம். காகிதத்தில் பார்த்தால் எம்ஜிபியை விடப் பத்து வருடம் முன்னால் நிற்கும் கார்.

மேற்கூரையில் அந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும். எம்ஜிபியின் ஆரம்பகால மடக்குக்கூரையைச் சட்டத்தோடு தனித்தனியாகக் கழற்றி டிக்கியில் வைக்க வேண்டும். மழை தூறத் தொடங்கினால் இறங்கி, சட்டத்தை நட்டு, துணியை விரித்து, பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்தி முடிப்பதற்குள் சீட் நனைந்துவிடும். ஸ்பைடரில் உட்கார்ந்தபடியே ஒரு கையை பின்னால் நீட்டிக் கூரையை இழுத்துத் தலைக்கு மேல் கொண்டுவந்து இரண்டு கொக்கியைப் போட்டால் முடிந்தது. சிக்னல் பச்சையாவதற்குள் செய்துவிடலாம். இன்றைய மோட்டார் கூரைகள் இதைவிட மெதுவானவை.

இதன் குறும்பு வேறு இடத்தில் இருக்கிறது. கியர் தண்டு தரையிலிருந்து மேலே வராமல், டேஷ்போர்டின் கீழிருந்து கிட்டத்தட்டப் படுத்தவாக்கில் ஓட்டுநரை நோக்கி நீண்டிருக்கும். முதலில் விசித்திரமாக இருக்கும். பத்து நிமிடத்தில் கை பழகிவிடும். ஸ்டீயரிங்கிலிருந்து கை அதிக தூரம் போகவேண்டியதில்லை. ஆனால் உட்காரும் முறை அப்படிப் பழகாது. கால் குட்டையாகவும் கை நீளமாகவும் உள்ள ஒருவரை மனதில் வைத்துத்தான் அந்தக் கால இத்தாலியக் கார்கள் பலவற்றையும் செய்தார்கள் என்பார்கள். பெடலுக்கு ஏற்ப சீட்டை நகர்த்தினால் ஸ்டீயரிங் எட்டாது, ஸ்டீயரிங்குக்கு ஏற்ப நகர்த்தினால் முழங்கால் இடிக்கும். உயரமானவர்கள் வாங்கும்முன் ஒரு மணி நேரமாவது ஓட்டிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது கியர் இந்தக் காரின் புகழ்பெற்ற பலவீனம். கியர்பாக்ஸ் குளிர்ந்திருக்கும்போது முதலிலிருந்து இரண்டாவதுக்கு அவசரமாகத் தள்ளினால் பல் அரைபடும். நியூட்ரலில் ஒரு கணம் நிறுத்தி, மெல்ல இழுத்தால் சத்தமின்றி விழும். பழக்கமான ஓட்டுநர்கள் முதல் சில கிலோமீட்டருக்கு இப்படித்தான் ஓட்டுவார்கள். எண்ணெய் சூடானபின் அதே கியர்பாக்ஸ் வெண்ணெய்போல இருக்கும். இது குறும்பு. சூடானபின்னும் அரைபட்டால் சின்க்ரோ வளையம் போய்விட்டது, அது கோளாறு.

அமெரிக்காவுக்குப் போன ஸ்பைடர்களில் 1969 முதல் 1981 வரை ஸ்பைகா என்ற இயந்திர முறைப் பெட்ரோல் ஊசிப் பம்ப் (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோலை அளந்து பீய்ச்சுவது) உண்டு. நன்றாக அமைந்தால் அருமையாக ஓடும், ஆனால் அதைத் தெரிந்த கைகள் குறைவு. வேறு சந்தைகளுக்கான கார்களில் இருந்த வெபர் கார்புரேட்டர் இரட்டையைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். அதன் உறிஞ்சும் ஒலிக்காகவே. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதிக்கும்போது பானெட்டுக்குள்ளிருந்து வரும் அந்த ஆழ்ந்த மூச்சொலி வேறு எதிலும் கிடைக்காது.

துரு பற்றிச் சொல்லாமல் இந்தக் காரைப் பற்றிப் பேச முடியாது. எம்ஜிபியும் துருப்பிடிக்கும், கதவுக்குக் கீழ் உள்ள பெட்டிப்பகுதிதான் அதன் உயிர்நாடி. ஆனால் ஆல்ஃபாவின் தகடு அதைவிட வேகமாகக் கரைகிறது, சரிசெய்ய ஆகும் செலவும் கூடுதல். இன்ஜின் எத்தனை இனிமையாகப் பாடினாலும், தரைத்தகட்டைக் கீழேயிருந்து விளக்கடித்துப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.

போர்ஷே 911: உங்களை மாற்றும் கார்

மற்ற இரண்டும் நீங்கள் பழகுவதற்குக் காத்திருக்கும். 911 நீங்கள் மாறுவதற்குக் காத்திருக்கும். சாவித்துளை ஸ்டீயரிங்குக்கும் கதவுக்கும் நடுவில். லெ மான்ஸ் பந்தயத்தில் ஓட்டுநர்கள் சாலையைக் குறுக்கே ஓடி வந்து காரில் ஏறிக் கிளப்பிய காலத்தில், ஒரு கையால் சாவியையும் மறு கையால் கியரையும் ஒரே சமயத்தில் போட இந்த இடம் உதவியது என்று கதை சொல்வார்கள். கண்முன்னே வட்டவட்டமாக ஐந்து மானிகள், நடுவில் பெரியது வேகமானி அல்ல, இன்ஜின் சுற்றைக் காட்டுவது. பெடல்கள் மேலிருந்து தொங்காமல் தரையிலிருந்து முளைத்து நிற்கும். பாதத்தின் கீழ்ப்பகுதியால் அழுத்தப் பழக வேண்டும். முதல் வாரம் கணுக்கால் வலிக்கும். 1998இல் காற்றால் குளிரும் 911களின் வம்சம் முடியும்வரை அந்தப் பெடல்கள் மாறவே இல்லை.

எண்ணெய் பார்க்கும் முறை இருக்கிறதே, அதைச் சொல்லாமல் விட முடியாது. மற்றக் கார்கள் பெரும்பாலானவற்றில் இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, குச்சியை எடுத்துப் பார்ப்போம். 911இல் நேர்மாறு. இன்ஜின் நன்றாகச் சூடாகி, சமதளத்தில் நின்று, ஐட்லிங்கில் ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். காரணம் எளிது. எண்ணெய் இன்ஜினுக்கு அடியில் தேங்குவதில்லை, தனித் தொட்டியில் இருக்கிறது. இன்ஜினை அணைத்துவைத்தால் தொட்டி எண்ணெய் மெல்ல இன்ஜினுக்குள் இறங்கிவிடும், குச்சி காலியாகத் தெரியும். அது தெரியாமல் ஊற்றுகிறவர்கள் அளவுக்கு மேல் ஊற்றி, காற்று வடிகட்டியை எண்ணெயில் குளிப்பாட்டிவிடுவார்கள். தண்ணீர் இல்லாத இந்த இன்ஜினைக் குளிரவைப்பதில் பாதி வேலை எண்ணெயுடையது. அதனால்தான் 911இன் 3.2 கரேரா வகையில் சுமார் 13 லிட்டர். 1972ஆம் ஆண்டு வகையில் எண்ணெய் ஊற்றும் மூடியை வலப்பக்கப் பின் சக்கரத்துக்கு முன்னால், உடலின் வெளியிலேயே வைத்தார்கள். பெட்ரோல் பங்க்கில் அதைப் பெட்ரோல் மூடி என்று நினைத்துச் சிலர் நிரப்பியதால் அடுத்த வருடமே அது பழைய இடத்துக்குத் திரும்பியது.

ஹீட்டர் இன்னொரு வேடிக்கை. தண்ணீர் இல்லாததால், புகைக்குழாயைச் சுற்றியுள்ள உறை வழியாகக் காற்றைச் செலுத்திச் சூடாக்குகிறார்கள். வேகமாகப் போனால் வெந்நீர் ஆவிபோல் அடிக்கும், சிக்னலில் நின்றால் ஆறிவிடும். சீட்டுகளுக்கு நடுவில் உள்ள நெம்புகோலை ஏற்றி இறக்கிக்கொண்டே இருக்க வேண்டும். குளிர்ப்பிரதேசத்தில் தினமும் ஓட்டுபவருக்கு இது ஒரு தீராத வேலை. அதோடு, இன்ஜினில் எண்ணெய் கசிந்தால் வாடை நேராக உள்ளே வரும். ஒருவகையில் அது நல்ல எச்சரிக்கை மணி.

இதுவரை சொன்னதெல்லாம் அழகு. அடுத்ததை நிதானமாகப் படிக்க வேண்டும். இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. வளைவுக்குள் வேகமாக நுழைந்து, பயந்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுத்தால், பாரம் முன்னால் பாய்ந்து பின்சக்கரங்கள் பிடி இழக்கும், வால் முன்னால் வரப் பார்க்கும். ஆரம்பத்தில் இதை அடக்க முன் பம்பருக்குள் பாரக்கட்டிகளே வைத்தார்கள். 1969ஆம் ஆண்டு வகையில் சக்கரங்களுக்கு இடைப்பட்ட நீளத்தை 57 மில்லிமீட்டர் கூட்டினார்கள். பிறகு பின் டயர்கள் அகலமாகிக்கொண்டே போயின. குணம் குறைந்தது, மறையவில்லை. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உள்ளே நுழைந்தபின் ஆக்ஸிலரேட்டரை மெல்லக் கொடுத்துக்கொண்டே போக வேண்டும் என்று கால் கற்றுக்கொண்டால், வெளியேறும்போது இந்தக் கார் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு பாய்வது வேறு எந்தக் காரிலும் இல்லாத அனுபவம். கற்றுக்கொள்ள மனமில்லை என்றால் வாங்கவே வேண்டாம். இந்த ஒரு குறும்புக்கு மட்டும், உங்கள் பங்கை நீங்கள் செய்யத் தவறினால் விலை அதிகம்.

இந்த வரிசையில் என் தேர்வு 1984 முதல் 1989 வரை வந்த 3.2 கரேரா. தகடு துத்தநாகப் பூச்சு பெற்றது. முந்தைய கார்களை வாட்டிய டைமிங் செயின் இறுக்கியை எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும்படி திருத்திவிட்டார்கள். 1987இலிருந்து வந்த ஜி50 கியர்பாக்ஸ் எளிதாக விழும். அதற்கு முந்தைய 915 கியர்பாக்ஸை அவசரப்படுத்தக் கூடாது, ஆல்ஃபாவின் இரண்டாவது கியரைப்போலவே அதற்கும் பொறுமை வேண்டும்.

பட்டியலில் இல்லாதவை

ஜாகுவார் இ-டைப் ஏன் இல்லை என்று நண்பர் கேட்டார். டேஷ்போர்டில் விமானத்தைப்போல வரிசையாக நிற்கும் டாகிள் சுவிட்சுகள், கண்ணாடியைத் துடைக்க மூன்று வைப்பர், முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் நீண்ட பானெட். அழகில் அதற்கு ஈடில்லை. ஆனால் பின் டிஸ்க் பிரேக்குகள் சக்கரத்தில் இல்லாமல் நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. சரியாக மாற்ற வேண்டுமானால் பின் அச்சுக் கூட்டையே கீழே இறக்குவது வழக்கம். பிரேக் வேலைக்கு இவ்வளவு என்றால், முதல் பழைய காராக அதை நான் சொல்ல மாட்டேன்.

லோட்டஸ் எலானின் ஹெட்லைட்டுகள் இன்ஜினின் வெற்றிட இழுப்பால் எழுந்து நிற்கும். கசிவு வந்தால், ஒரு கண் தூக்கத்தில் சரிவதுபோல, மெல்ல மூடிக்கொள்ளும். இரவுப் பயணத்தில் இது ரசிக்கத்தக்கது அல்ல. எழுந்து நிற்கும் ஹெட்லைட்டின் கவர்ச்சி மட்டும் வேண்டும், தொல்லை வேண்டாம் என்பவருக்கு 1989இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. எலானின் உருவத்தையும் மனதையும் எடுத்துக்கொண்டு, மோட்டாரால் எழும் விளக்கு, ஒழுகாத கூரை, ஒரே திருப்பில் கிளம்பும் 1.6 லிட்டர் இன்ஜின் என்று அமைத்தார்கள். 1936இல் கார்ட் 810இல் கைப்பிடியைச் சுற்றித் தூக்கிய விளக்குகளில் தொடங்கிய இந்த வழக்கம், 2004இல் லோட்டஸ் எஸ்பிரியும் ஐந்தாம் தலைமுறை கார்வெட்டும் நின்றபோது முடிந்துபோனது. வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்துக்கும் ஓட்ட வேண்டும் என்றால் என் பதில் மாஸ்டாதான், யோசிக்கவே வேண்டாம்.

எதை மாற்றலாம், எதைத் தொடக் கூடாது

மூன்றில் எதை வாங்கினாலும் இந்தக் கேள்வி வரும். என் வழி இது: உயிருக்கு ஆபத்தானதை உடனே மாற்றுங்கள், நேரத்தை மட்டும் தின்பதை விட்டுவையுங்கள். 1960களின் பல கார்களில் பிரேக்குக்கு ஒரே சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் போய்விடும். அதை இரட்டைச் சுற்றாக மாற்றுவதில் குற்ற உணர்வே வேண்டாம். மூன்று முனை சீட் பெல்ட், ஹெட்லைட்டுக்கு ரிலே, வயதான டயர்கள், இவையும் அப்படித்தான். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயின்ட்டுக்கு (தீப்பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடுமுனை) பதிலாக மறைந்திருக்கும் எலக்ட்ரானிக் தொகுதி போடலாம். வெளியே எதுவும் தெரியாது, வழியில் நிற்பதும் குறையும். ஆனால் கழற்றிய பாயின்ட்டையும் கண்டென்சரையும் டிக்கியில் வைத்திருங்கள். எலக்ட்ரானிக் தொகுதி போனால் போனதுதான். பாயின்ட்டை ஒரு ஸ்குரூ டிரைவரும் தீப்பெட்டி அட்டையும் இருந்தால் சாலையோரத்திலேயே சரிசெய்துவிடலாம்.

கார்புரேட்டரை எடுத்துவிட்டுக் கணினி கட்டுப்படுத்தும் ஊசி முறை, மெல்லிய ஸ்டீயரிங்குக்குப் பதில் தடித்த சின்னச் சக்கரம், மானிகளுக்குப் பதில் திரை, இவற்றை வேண்டாம் என்பேன். அவை காரைக் கெடுத்துவிடும் என்பதால் அல்ல. அவை எல்லாம் வேண்டும் என்கிறவருக்கு வேண்டியது வேறு கார்.

நண்பருக்கு நான் சொன்ன முடிவு எம்ஜிபி. 1967 முடிவிலிருந்து 1974இல் ரப்பர் பம்பர் வருவதற்குள் வந்தது, ஓவர்டிரைவோடு. அவருக்கு ஸ்பேனர் பிடிக்க ஆசை, அனுபவம் இல்லை. எம்ஜிபி தவறுகளை மன்னிக்கும், பாகமும் மலிவு. கையில் எண்ணெய் படுவதில் ஆர்வமில்லாமல் ஓட்டுவதில் மட்டும் ஆர்வமிருந்தால், துருவில்லாத ஒரு ஸ்பைடரைத் தேடச் சொல்லியிருப்பேன். ஏற்கெனவே ஒரு பழைய காரோடு சில வருடம் வாழ்ந்தவர், பணமும் இருக்கிறது என்றால் 911.

கடைசியாக அவருக்கு ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் முதன்முதலில் வாங்கிய பழைய காரை (அது இவற்றில் எதுவும் அல்ல) பார்க்கப் போனபோது, அது முற்றத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகவே கிளப்பி வைத்தேன்" என்றார் விற்றவர். நான் மகிழ்ந்துபோனேன். மறுநாள் காலை என் வீட்டு வாசலில் அதைக் கிளப்ப இருபது நிமிடம் ஆயிற்று. இந்தக் கார்களின் எல்லாக் குணமும் குளிர்ந்திருக்கும்போதுதான் வெளியே வரும். எம்ஜிபியின் சோக், ஆல்ஃபாவின் இரண்டாவது கியர், 911 கிளம்பும்போது விடும் முதல் புகை, அது எத்தனை நொடியில் தெளிகிறது என்பது, எல்லாமே. அதனால் போனதும் பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். இன்ஜின் மூடியின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன், அதுவரை தொடாமல் வையுங்கள் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுத் திரும்புங்கள்.